சேம அச்சு



புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகளோ இளையவை, பாரமோ பெரிது, மேட்டிலும் பள்ளத்திலும் நேரப்போவதை யார் அறிவார்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டு சென்றனர்.

அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. நாமக்கல், சங்ககிரிப் பகுதி லாரிகள் அதில் வடக்கு நோக்கி ஏறுகின்றன. உமணர் மறைந்தனர்; அவர்தம் வழிநடை மறையவில்லை. சேம அச்சின் இடத்தில் ஸ்டெப்னி தொங்குகிறது.

மழை பொய்க்கும் அம்மேட்டு நிலத்தில் லாரி வெறும் வாகனமன்று, விடுதலைக்கான வாயில். கிளீனராகத் தார்ப்பாய் கட்டப் பழகியவர் ஓட்டுநரானார். ஓட்டுநர் சிலர் கூட்டுச் சேர்ந்து, கடன் பெற்று, உரிமையாளராயினர். பிறர் வயலில் கைகட்டி நின்ற குடும்பத்துப் பிள்ளை, தன் வண்டியின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதினான்.

ஆயினும் அந்த விடுதலையின் அளவு என்ன? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. தவணைத் தேதியோ மணிக்கணக்கு அறியாது. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை விடுவோர் உண்டு. அப்போது எஞ்சினின் பிடி அகன்று, முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. பிரேக் சூடேறித் தளர்கிறது. விபத்தை ஓட்டுநரின் அவசரம் என்று முடித்துவிடுவது எளிது. சில லிட்டர் டீசலுக்காக உயிரைப் பணயம் வைப்பவர் எவ்வளவு சுதந்திரமானவர் என்பதே கேட்க வேண்டிய வினா.

நினைத்த திசையில் செல்வது மட்டும் சுதந்திரமன்று. கண் சொருகும்போது வண்டியை ஓரங்கட்ட முடிவதும், மிகைப் பாரத்தை ஏற்க மறுக்க முடிவதுமே சுதந்திரம். அதற்குச் சேம அச்சு வேண்டும். இரண்டாவது கண்ணாக உடன் வந்த கிளீனர் இல்லாமலே இன்று பல வண்டிகள் செல்கின்றன. வீட்டில் தவணையையும் பிள்ளைகளின் படிப்பையும் தாங்கும் மனைவியே பலருக்கு எஞ்சிய அச்சு. அவர் பெயர் எந்த வண்டியின் ஆவணத்திலும் பெரும்பாலும் இல்லை.

ஔவை கண்டது எருதையும் பாரத்தையும் மட்டுமன்று. அடியில் கட்டப்பட்டு, முறியும் வேளைவரை எவர் கண்ணிலும் படாத அச்சையும் கண்டார். நெடுஞ்சாலையைப் பாட வரும் கவிஞர் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுவே.