சாரதியின் கண்ணுக்குப் படாத இடம்

(சப்ரகமுவ பகுதித் தோட்டமொன்றின் பாடசாலை மைதானத்தில் நடந்த கிளைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, லொறியையும் சைக்கிளையும் பற்றிப் பேசவா ஒரு கூட்டம் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வருடம் கிடைக்காத சம்பளத்தை அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்கலாம். போன உயிரை எந்தப் பேச்சுவார்த்தையிலும் கேட்க முடியாது.

மேல் மலைத் தோட்டங்களில் சைக்கிள் குறைவு. நம் பக்கம் அப்படியில்லை. பால் வெட்டப் போகிறவர், டவுன் கடையில் வேலை செய்யும் தம்பி, பின்னேரம் டியூஷன் போகும் பிள்ளை, எல்லோருக்கும் சைக்கிள்தான். அதே ஒடுக்கமான பாதையில்தான் கொழுந்து லொறியும், மணல் டிப்பரும், தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் பெரிய லொறியும் வருகின்றன.

விபத்து நடந்தால் சாரதி முதலில் சொல்வது, "நான் ஆளைக் காணவே இல்லை" என்பதுதான். பொய் சொல்கிறான் என்று நாம் கோபப்படுகிறோம். பல வேளைகளில் அது உண்மை. பெரிய லொறியைச் சுற்றி, சாரதியின் கண்ணுக்குப் படாத இடங்கள் இருக்கின்றன. அவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அங்கே நிற்பவர் அவருக்குத் தெரியமாட்டார்.

அதோ, மைதானத்தில் லொறி நிற்கிறது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்கிறோம். சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு தெரிகிறதா? நேற்று தரம் 9 பிள்ளைகள் போட்டது. சாரதி அண்ணன் ஆசனத்தில் இருந்தார். ஒரு பிள்ளை லொறியைச் சுற்றி மெதுவாக நடந்தது. பிள்ளை மறைந்த இடத்திலெல்லாம் சாரதி கையை உயர்த்தினார். அங்கே கோடு போட்டோம். லொறிக்கு லொறி அளவு மாறும். ஆனால் இடங்கள் நான்குதான்.

முதலாவது, முன்பக்கம். சாரதி உயரத்தில் இருக்கிறார். பம்பருக்கு அருகே நிற்கும் சிறு பிள்ளையின் தலை கண்ணாடிக்குக் கீழே போய்விடும். நிற்கும் லொறிக்கு முன்னால் ஒட்டிக் கடந்து போகிறோமே, அது இந்த இடம்தான்.

இரண்டாவது, பின்பக்கம். லொறியின் பெட்டி முழுவதையும் மறைக்கிறது. பின்னால் நிற்பவர் எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டார்.

மூன்றாவது, வலப்பக்கம். சாரதியின் கதவை அடுத்து, கொஞ்ச இடம்.

நான்காவது, இடப்பக்கம். இதுதான் பெரியது, இதுதான் ஆளைக் கொல்லுவது. நம் நாட்டில் சாரதி வலப்பக்கத்தில் இருக்கிறார். இடக் கதவுக்கு அருகே, கீழே நடப்பது அவருக்குத் தெரியாது. நேற்று அந்தக் கோட்டுக்குள் 6 பிள்ளைகளை நிறுத்தினோம். சாரதி ஒருவரையும் காணவில்லை. நாமோ இடப்பக்கமாகத்தான் சைக்கிள் ஓட்டுகிறோம். சந்தியில் லொறி நின்றால், இடது ஓரத்தில் இருக்கும் இடைவெளிக்குள் நுழைந்து முன்னுக்குப் போகப் பார்க்கிறோம். நேரே போய் அந்தக் கோட்டுக்குள் விழுகிறோம்.

அடுத்ததைப் பிள்ளைகள் நன்றாகக் கேட்க வேண்டும். லொறி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். நீளமான லொறி என்றால் அதிகமாக வெட்டும். அதனால்தான் ஒடுக்கமான சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய சாரதி, முதலில் கொஞ்சம் வலப்பக்கம் எடுக்கிறார். பின்னால் வரும் சைக்கிள்காரர் வழி விடுகிறார் என்று நினைத்து இடது ஓரத்தில் நுழைகிறார். அடுத்த நொடியே லொறி இடப்பக்கம் வளைகிறது. முன்சக்கரம் தள்ளிப் போய்விட்டது என்று நினைக்கும்போது பின்சக்கரம் வந்துவிடும்.

நம் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்ததும் இதுவே. என்னிடம் படித்த பிள்ளை. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவன். தொழிற்சாலைச் சந்தியில் லொறி திரும்பியது. உயிர் தப்பியது, வலது பாதம் போனது. நிர்வாகத்தின் அறிக்கையில் ஒரே வரி: சைக்கிள் ஓட்டியவரின் கவனயீனம். அந்த லொறியின் இடப்பக்கக் கண்ணாடி பல மாதங்களாக உடைந்திருந்தது. சாரதி இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதனால்தான் இது சங்கத்தின் விடயம். கவனமாக இருங்கள் என்று பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நாமும் அந்த அறிக்கையில் கையொப்பம் வைத்தவர்களாவோம்.

சாரதியும் நம்மைப் போலத் தொழிலாளிதான். கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வைத்திருந்தால் சூடேறிச் சிவந்துவிடும், தேயிலையின் தரம் கெடும். நிறுவை பிந்தினால் அந்தப் பிந்திய நேரத்தையெல்லாம் சாரதி பாதையில் பிடிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் லொறி ஒரு நொடியில் 11 மீற்றர் ஓடும். சாரதி கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடும். மழை நாளில் நிற்க இன்னும் தூரம் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன்.

நிற்கும் லொறியின், திரும்பும் லொறியின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள். பின்னால் தள்ளி நில்லுங்கள். கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். முகம் தெரிந்தாலும் அவர் பார்த்துவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். சிக்னல் லைட்டை மட்டும் நம்பாதீர்கள், அது எரியாத லொறிகள் நிறைய. பாதை ஒடுக்கமாக இருந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரத்தில் நின்று, லொறியை விட்டுவிட்டுப் போங்கள். 1 நிமிடம்தான் போகும்.

லொறிக்கு முன்னால் கடப்பதென்றால் நாலைந்து பெரிய எட்டு தள்ளி, சாரதி உங்களைப் பார்த்துத் தலையசைத்த பிறகு கடக்க வேண்டும். லொறி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது, கொழுந்து மூட்டை அங்கே கிடந்தாலும் சரி. இருட்டில் போகிற சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை லைட்டும் பின்னால் சிவப்பும் வேண்டும். காதில் இயர்போன் வேண்டாம்.

இனி, நிர்வாகம் செய்ய வேண்டியவை. கிளையின் சார்பில் ஐந்து கோரிக்கைகள்.

ஒன்று, தோட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு லொறிக்கும், வாடகை லொறியானாலும், இடப்பக்கத்தையும் முன்பக்கத்தையும் கீழ்நோக்கிக் காட்டும் குவிந்த கண்ணாடிகளும் ரிவர்ஸ் சத்தமும் இருக்க வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே ஆள் உள்ளே விழாதபடி பக்கத் தடுப்பு வேண்டும். உடைந்த கண்ணாடியுடன் லொறி வெளியே போகக்கூடாது. அதற்காக லொறியை எடுக்க மறுக்கும் சாரதிக்கு அன்றைய பேர் வெட்டப்படக்கூடாது.

இரண்டு, மடுவத்திலும் தொழிற்சாலை முற்றத்திலும் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கீழே இறங்கி வழிகாட்ட வேண்டும். கிளீனர் கண்ணாடியில் தெரியாமல் போனால் சாரதி உடனே நிறுத்த வேண்டும்.

மூன்று, பாடசாலை தொடங்குவதற்கு முன் அரைமணி நேரமும், விட்ட பின் அரைமணி நேரமும் பாடசாலைப் பாதையில் லொறி ஓடக்கூடாது.

நான்கு, வளைவுகளில் பாதையை மறைக்கும் பற்றையும் புல்லும் வெட்டப்பட வேண்டும். தொழிற்சாலைச் சந்தியில் குவிந்த கண்ணாடி நாட்ட வேண்டும்.

ஐந்து, நிறுவைக்கு நிற்கும் பெண்களின் வரிசை லொறி வரும் வழியிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். நிறுவை நேரத்துக்கு நடக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், லண்டனைச் சொல்லுங்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கமாகத்தான் வாகனம் ஓட்டுகிறார்கள். சாரதி ஆசனத்திலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்குப் பூச்சியம் முதல் 5 வரை நட்சத்திரம் போடுகிறார்கள். 2021 மார்ச் முதல், தரம் குறைந்த லொறி மேலதிகப் பாதுகாப்புக் கருவிகள் பூட்டாமல் நகருக்குள் ஓடினால் தண்டம். 2024 ஒக்டோபரில் அந்தத் தரத்தை இன்னும் உயர்த்தினார்கள். சைக்கிள்காரரைக் கவனமாகப் போகச் சொல்லிவிட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. லொறியைத் திருத்தச் சொன்னார்கள். நாம் கேட்பதும் அதுவே.

விபத்து நடந்துவிட்டால் 1990 அம்புலன்சுக்கும், 119 பொலிசுக்கும் அழையுங்கள். லொறி இலக்கம், நேரம், கண்ணாடியின் நிலை எல்லாவற்றையும் குறித்து, போனில் படம் எடுங்கள். வெள்ளைத்தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ உடனே சொல்லுங்கள். வேலையில் நடந்த விபத்துக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடப்பதும் அதில் அடங்கும். லயத்திலிருந்து மலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் அது உங்கள் சொந்தப் பிரச்சினை என்று யாரும் கைகழுவ முடியாது.

கோரிக்கைக் கடிதம் எழுதித் தயாராக இருக்கிறது. நாளை பெரட்டு முடிந்ததும் தலைவரும் மாதர் தலைவியும் அலுவலகத்தில் கொடுப்பார்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறோம். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை இதே மைதானத்தில் கூடி நீங்களே தீர்மானியுங்கள்.

இப்போது யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். சாரதி அண்ணன் லொறிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஒவ்வொருவராக ஏறி ஆசனத்தில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையை அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிறுத்தி, தெரிகிறதா என்று பாருங்கள். தாய்மார்கள் முதலில் வாருங்கள்.