காலையில் மன்றம், மாலையில் படம்

(ஊர்காவற்றுறையில் மாணவர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



தீவகத்துப் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கச் செல்வது புதுமையன்று. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பிறந்தவனுக்கு யாழ்ப்பாணப் பட்டினமே படகேறிச் செல்லவேண்டிய ஊர். இன்று அவன் பாரிசுக்கும் இலண்டனுக்கும் செல்கிறான். மிளகாய்த்தூளும் பனாட்டும் கட்டிக் கொடுத்து வழியனுப்புகிறோம். சென்ற நாட்டை எப்படிப் பார்ப்பதென்று மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்கு ஒரு விடுமுறை நாள் போதும். காலையில் அந்நாட்டின் அரச மாளிகையைப் பாருங்கள். மாலையில் அந்த அரசைப் பற்றிய படமொன்றைப் பாருங்கள்.

பாரிசு நகரில், சென் ஆற்றங்கரையில், பூர்போன் மாளிகை நிற்கிறது. பிரெஞ்சுத் தேசிய மன்றம் கூடுமிடம் அதுவே. அதன் முகப்பிலுள்ள 12 தூண்களும் நெப்போலியன் காலத்தில் எழுந்தவை. மன்றத்தின் விவாதங்களைப் பொதுமக்களும் அமர்ந்து கேட்கலாம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களை அந்நாட்டு நகர மண்டபங்களின் நெற்றியில் காணலாம். அரசு தன்னைப் பற்றித் தானே கூறும் கதை அது.

மறுபக்கக் கதையைத் திரைப்படம் கூறும். இத்தாலியரான ஜில்லோ பொன்டேகோர்வோ 1966இல் 'அல்ஜியர்ஸ் போர்' என்ற படத்தை எடுத்தார். விடுதலை கேட்ட அல்ஜீரியரைப் பிரெஞ்சுப் படை வதைத்ததையும், விடுதலைப் போராளிகள் வைத்த குண்டுகளால் பொதுமக்கள் மாண்டதையும் அது ஒருங்கே காட்டியது. வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்ற அப்படம் பிரான்சில் சில ஆண்டுகள் திரைக்கு வரவில்லை.

பின்னர் 2015இல் ஜாக் ஓடியாரின் 'தீபன்' கான் விழாவில் தங்கப்பனை விருதை வென்றது. அதன் நாயகனாக நடித்தவர் நம் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. உறவற்ற மூவர், இறந்தவர்களின் கடவுச்சீட்டோடு ஒரு குடும்பமென நடித்துத் தஞ்சம் கேட்கும் கதை அது. மாளிகைத் தூண்களை அண்ணாந்து பார்க்கும் மாணவனும், விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்திருக்கும் அகதியும் காண்பது ஒரே அரசைத்தான். இரண்டையும் கண்டவனே அந்நாட்டைக் கண்டவன்.

இந்தப் பார்வையோடு நம் நாட்டுக்குத் திரும்புங்கள். கொழும்புக் காலிமுகத்திடலில் 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டிடம் இன்று ஜனாதிபதி செயலகம். 1956 ஜூன் 5ஆம் நாள் அதனுள்ளே சிங்களம் மட்டும் மசோதா வந்தது. வெளியே திடலில் அமைதியாய் அமர்ந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். அந்தத் தூண்கள் இதைச் சொல்லமாட்டா. இதோ, நம் கண்ணெதிரே நிற்கும் கடற்கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டினர், 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், பின்னர் சிறைக்கூடமாயிற்று, இன்று கடற்படை நடத்தும் விடுதி. சிறையிருந்தவர்களின் கதையை அங்கே தங்குபவருக்கு யார் சொல்வது?

ஒரு கசப்பான உண்மையையும் கூறவேண்டும். ஜூட் இரத்தினம் எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம் 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. தமிழ் இயக்கங்கள் தமிழருக்கே இழைத்த கொடுமைகளையும் அது பேசிற்று. 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் அதைத் திரையிட இருந்தனர், எதிர்ப்பு எழுந்தது, திரையிடல் கைவிடப்பட்டது. படத்தின் கருத்தை மறுக்க எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் பார்த்த பின்னன்றோ மறுக்கவேண்டும்? அல்ஜியர்சைப் பார்க்க அஞ்சிய பிரான்சை நகைக்கும் நாம், நம் முகத்தைப் பார்க்க அஞ்சலாமா?

மாணவ நண்பர்களே! வயலை வரப்பில் நின்று பார்ப்பவன் பசுமையைக் காண்பான். இறங்கிப் பார்ப்பவனே பூச்சியையும் காண்பான். அந்நிய அரசாயினும் நம் அரசாயினும், நம் இயக்கங்களேயாயினும், இறங்கிப் பாருங்கள். கண்டதை அஞ்சாது கூறுங்கள். பட்டத்தோடு அந்தத் துணிவையும் கொண்டு வாருங்கள். இந்தத் தீவகம் உங்களை வரவேற்கும்.