கீழ்க்கணக்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கப் பாடல்களும் சிற்றிலக்கியங்களும் புதுக்கவிதையும் பேசப்பட்ட இம்மேடையில், கணிதம் கற்பிக்கும் ஒருவனை நிறுத்தி, 'உமக்குத் தெரிந்ததைப் பேசும்' என்று செயலாளர் பணித்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது, அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் நான் ஆண்டுதோறும் காண்பது. கல்லூரியில் சேரும் மாணவர், தாம் எதிர்பார்த்த கணிதப் பாடத்திற்கும் கீழான ஒரு பாடத்தில் அமர்த்தப்படுவது பற்றியே பேச விழைகிறேன். நுண்கணிதத்தில் அமர்வோம் என்று நம்பிய பிள்ளை, அதற்கு முந்தைய பாடத்திலோ, அதற்கும் முந்தைய இயற்கணிதத்திலோ இடம் பெறுகிறது. ஆகஸ்டு வந்தால் இச்செய்தி நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இழவுச் செய்தி போல் வந்து சேர்கிறது என்பதை இங்குள்ள பெற்றோர் அறிவர்.

கணக்கு என்னும் சொல் இவ்வவைக்குப் புதிதன்று. நம் முன்னோர் நூலையும் கணக்கு என்றனர். ஆசிரியரைக் கணக்காயர் என்றனர். நக்கீரனாரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் என்றே அறியப்படுகிறார். பழைய நூல்களை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என இரு கூறாக்கிய மரபையும் நீங்கள் அறிவீர்கள். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் மேற்கணக்கு. அடி குறைந்த பாக்களால் இயன்ற பதினெட்டு நூல்கள் கீழ்க்கணக்கு. திருக்குறள் எதில் இருக்கிறது? கீழ்க்கணக்கில் இருக்கிறது. அதனால் அதன் பெருமை குன்றியதாக எவரும் சொன்னதில்லை. அவ்வகைப்பாடு அளந்தது அடியின் அளவை. கருத்தின் ஆழத்தை அளக்க அது முற்படவே இல்லை. எந்த அளவுகோலையும் நோக்கி நாம் முதலிற் கேட்க வேண்டியது இது: நீ எதை அளக்கிறாய்?

கல்லூரிகளில் கணிதப் பாடத்தை நிர்ணயிக்கும் தேர்வைப் பிளேஸ்மெண்ட் தேர்வு என்கிறார்கள். இன்று பல கல்லூரிகளில் வழங்கும் அலெக்ஸ் என்னும் தேர்வு கணிப்பொறியில் எழுதப்படுவது. மாணவர் தரும் விடைக்கேற்ப அடுத்த வினாவை அது தேர்ந்துகொள்ளும். கூடினால் 30 வினாக்கள். கோடை விடுமுறையில் புத்தகத்தைத் தொடாமலிருந்த ஒரு பிள்ளை, ஒரு பிற்பகலில், முன்தயாரிப்பு ஏதுமின்றி எழுதும் 30 வினாக்கள் அந்தப் பிற்பகலில் கைக்கு எட்டியதை அளக்கும். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை அது முழுமையாக அளந்துவிடும் என்று கொள்வதற்கில்லை.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தின் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணளவில் காட்டிற்று. கணிதத் தேர்வெழுதியோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மிகத் தவறான இடத்தில் அமர்த்தப்பட்டிருந்தனர். உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களைப் பார்த்திருந்தால் பிழை குறைந்திருக்கும் என்பதும் அவ்வாய்வின் முடிவு. பல்லாண்டு பரவலாக வழங்கிய காம்பஸ் என்னும் தேர்வை, அதை நடத்திய ஏசிடி நிறுவனமே 2016இல் கைவிட்டது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் என் உரை ஆறுதல் உரையாக முடிந்துவிடும். குறள் கீழ்க்கணக்கில் இருந்ததால் அதற்கு ஓர் இழப்பும் நேரவில்லை. அது கூடுதலாக ஒரு பருவக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. பட்டத்தை ஓராண்டு தள்ளிப்போட வேண்டியிருக்கவுமில்லை. மாணவருக்கு இவை உண்டு. பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்போது, கீழ்ப்படியில் நிற்பவர் ஏற வேண்டிய படிகள் கூடுகின்றன.

அந்தக் கூடுதலின் விலையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்திற்காக நான் கொண்டவை. மூன்று பாடங்களைக் கடந்தால்தான் கல்லூரித் தரக் கணிதம் முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபது பேர் தேர்ச்சி பெறுகிறார்கள். தேர்ந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அடுத்த பாடத்தில் சேர்கிறார்கள். கேட்பதற்கு இரண்டும் மோசமான விகிதங்கள் அல்ல. முதற்பாடத்தில் 100 பேர் அமர்ந்தால் 70 பேர் தேர்கிறார்கள். அவருள் 56 பேர் இரண்டாம் பாடத்திற்கு வருகிறார்கள். 39 பேர் தேர்கிறார்கள். 31 பேர் மூன்றாம் பாடத்திற்கு வருகிறார்கள். 22 பேர் முடிக்கிறார்கள். எந்தப் படியிலும் பெருந்தோல்வி இல்லை. ஆயினும் எழுபத்தெட்டுப் பேர் கரை சேரவில்லை. அவர்களுள் இருபத்திரண்டு பேர் எழுதிய தேர்விலெல்லாம் வென்றவர்கள். அடுத்த படிக்கு வராமலே நின்றுபோனவர்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் அலெக்சாண்ட்ரா லோக் முதலியோர் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. தொடக்க இயற்கணிதத்தில் அமர்த்தப்பட வேண்டியவர்கள் என்று கருதப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வழக்கமான இயற்கணிதம் படித்தது. இன்னொன்று அதே பாடத்தை வாராந்தரப் பயிலரங்கோடு படித்தது. மூன்றாம் பிரிவினரைக் கல்லூரித் தரப் புள்ளியியலில் நேரே அமர்த்தி, அவர்களுக்கும் பயிலரங்கு தந்தார்கள். இயற்கணிதம் மட்டும் படித்தோரில் தேர்ந்தவர் நூற்றுக்கு 39. பயிலரங்கோடு படித்தோரில் 45. மேற்பாடத்தில் அமர்ந்தோரில் 56. கீழே நிறுத்தப்பட வேண்டியவர்கள் மேலே நிறுத்தப்பட்டு, உடன் கைதாங்கலும் பெற்றபோது, கூடுதலானோர் நிமிர்ந்து நின்றார்கள்.

கலிபோர்னியா 2017இல் சட்டமே இயற்றியது. சமுதாயக் கல்லூரிகள் பள்ளி மதிப்பெண்களைக் கருத்திற்கொண்டு, மாணவர் கல்லூரித் தரக் கணிதத்தை ஓராண்டுக்குள் முடிக்கும் வாய்ப்புப் பெருகுமாறு அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம்.

இனி மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். தேர்வு சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். நுண்கணித வகுப்பில் தடுமாறும் மாணவர் பெரும்பாலும் நுண்கணிதத்தில் தடுமாறுவதில்லை என்பதே என் வகுப்பறை அனுபவம். அதன் அடியில் கிடக்கும் இயற்கணிதத்தில் தடுமாறுகிறார். ஒரு சான்று: மூன்றும் நான்கும் ஏழு, ஏழின் வர்க்கம் 49. அவர் மூன்றையும் நான்கையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி 25 என்கிறார். விடுபட்ட 24 எங்கே போயிற்று? மூன்றையும் நான்கையும் பெருக்கி இருமடங்காக்கினால் வரும் 24 அது. எண்களில் இப்பிழை கண்ணுக்குத் தெரியும். எழுத்துக் குறிகளில் அது ஒளிந்துகொள்ளும்; பின்வரும் ஒவ்வொரு வரியையும் கெடுக்கும்.

வெண்பா எழுதும் நண்பர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. அசை பிரிக்கத் தெரியாதவருக்குத் தளை தட்டுவது தெரியாது. அவரிடம் எத்துணைக் கற்பனை வளம் இருப்பினும், முதலில் நேரும் நிரையும் கற்றுவா என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். அதில் இழிவு ஏதுமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகமே 2024இல், நுண்கணிதம் தொடங்கும் மாணவர்களுள் இயற்கணித அடிப்படை போதாதோருக்கென வாரம் ஐந்து நாள் நடக்கும் பாடம் ஒன்றைத் தொடங்கிற்று.

ஆகவே கீழே அமர்த்தப்பட்ட எல்லாரும் அநீதிக்கு ஆளானவர்கள் என்றும் சொல்ல முடியாது. எல்லாரும் அங்கேயே இருக்கத் தக்கவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் நிலையையும் தனியே ஆராய வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். எதை வைத்து இங்கே அமர்த்தினார்கள்: தேர்வு மட்டுமா, பள்ளி மதிப்பெண்ணும் உண்டா, மீண்டும் எழுத இடமுண்டா? இந்தப் பாடம் எங்கே கொண்டு சேர்க்கும்: பொறியியலுக்கு நுண்கணிதம் வேண்டும், ஆனால் சமூகவியலுக்கோ செவிலியர் படிப்பிற்கோ புள்ளியியல் போதுமா? மூன்றாவது, எந்த வினாவில் பிள்ளை நின்றுபோனது?

மூன்று மாணவர்களைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதலாமவள் நம் தமிழ்ப் பெண். தந்தையார் தொலைபேசியில், "சார், பிள்ளையை ஒரு வகுப்பு கீழே போட்டுட்டாங்க. ஊரில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை" என்றார். "ஊருக்குப் பிறகு சொல்லலாம் ஐயா. அவள் எந்த வினாவில் நின்றாள் என்று கேட்டீர்களா?" என்றேன். கேட்டிருக்கவில்லை. பார்த்தபோது இயற்கணிதம் நன்றாகவே இருந்தது. ஈராண்டாகத் தொடாத முக்கோணவியல் மட்டுமே மறந்திருந்தது. இரண்டு வாரம் படித்து மறுபடியும் எழுதினாள், நுண்கணிதத்தில் அமர்ந்தாள். இரண்டாமவன் அதே வகுப்பில் இருந்தான். இருக்கவேண்டியவன்தான். அந்தப் பருவத்தை வீணாக்காமல், விடுபட்ட 24ஐத் தேடிக் கண்டுபிடித்தான். அடுத்த ஆண்டு நுண்கணிதத்தில் அவனுக்கு நல்ல மதிப்பெண்.

மூன்றாமவன் கீழ்ப்பாடத்தில் சேர்ந்தான், நன்றாகவே தேறினான். அடுத்த பருவத்தில் அவன் பெயர் பட்டியலில் இல்லை. ஏன் என்று விசாரித்தபோது, 'கணக்கு எனக்கு வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்களே' என்றானாம். அப்படி எவரும் சொல்லவில்லை. பாடத்தின் எண்ணைப் பார்த்து அவனே அவ்வாறு பொருள் கொண்டான்; அப்பொருளை மறுத்துரைக்க அருகில் ஒருவரும் இல்லை. நான் முன்னர்க் காட்டிய கணக்கில், தேர்வில் வென்றும் நின்றுபோன அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன் இவன். இம்மூவருள் என் உறக்கத்தைக் கெடுப்பவன் இவனே.

இத்தகைய பிள்ளைகளிடம் நம்மவர் உடனே இராமானுஜனைச் சொல்வர். அவரும் கல்லூரித் தேர்வில் தோற்றவர்தாமே என்பர். அன்பினால் சொல்வதே எனினும் அது பொருந்தாது. கும்பகோணத்தில் அவர் உதவித்தொகையை இழந்ததும், பின்னர்ச் சென்னையில் எஃப்.ஏ. தேர்வில் தவறியதும் பிற பாடங்களால் நேர்ந்தவை; கணிதத்தில் அவரைக் கீழே அமர்த்த எவராலும் இயன்றதில்லை. கணிதத்தில் தடுமாறும் பிள்ளையிடம் அவர் பெயரைச் சொன்னால், தன் சிறுமையே அதற்குப் பெரிதாகத் தெரியும். வேண்டுவது மேதையின் கதையன்று. உடன் அமர்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும் துணையே வேண்டும்.

அத்துணையின் ஆற்றலுக்குச் சான்று பெர்க்கிலியில் உண்டு. 1970களின் பிற்பகுதியில் யூரி டிரெய்ஸ்மன் என்னும் கணித ஆசிரியர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நுண்கணிதம் பயின்ற கறுப்பின மாணவர் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஊக்கமின்மை காரணமன்று. அவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள். ஆனால் தனித்து உழைத்தார்கள். சீன அமெரிக்க மாணவர்களோ கூடி அமர்ந்து, ஒருவர் விடையை ஒருவர் திருத்திப் படித்தார்கள். டிரெய்ஸ்மன் ஒரு பயிலரங்கை அமைத்தார். அதில் எளிய கணக்குகளைத் தரவில்லை. வகுப்பில் தருவதினும் கடினமானவற்றைத் தந்து, கூடி அமர்ந்து முயலச் செய்தார். அம்மாணவர்களின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

கூடி அமர்தல் என்றதும் இவ்வட்டமே என் நினைவிற்கு வருகிறது. முதற்கவிதை எழுதியவரும் முப்பது நூல் கண்டவரும் இங்கே ஒரே வரிசையில் அமர்கிறார்கள். புதியவரின் பாடலில் தளை தட்டினால், தட்டுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறீர்கள். அடுத்த மாதம் மீண்டும் கொண்டுவரச் சொல்கிறீர்கள். பிழையை மறைக்காத கண்டிப்பும், அடுத்த மாதத்திற்கான அழைப்பும் ஒருங்கே இருப்பதால்தான் அவர் மறுபடியும் வருகிறார். இவ்விரண்டும் கணக்கிற்கும் வேண்டும்.

உறுப்பினர்களிடம் ஒரு விண்ணப்பம். வரும் ஆகஸ்டில் உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒரு பிள்ளை கீழ்ப்பாடத்தில் அமர்த்தப்பட்டால், அம்மூன்று வினாக்களையும் கேளுங்கள். கல்லூரி ஆலோசகரிடமும் கேட்கச் சொல்லுங்கள். மறுதேர்வில் மேலே போக முடியுமானால் போகட்டும். கீழேயே இருக்க வேண்டுமானால், அந்தப் பருவம் முடியுமுன்னரே அடுத்த பாடத்திற்குப் பெயரைப் பதிவு செய்யட்டும். தமிழில் படி என்பது ஏறும் படிக்கும் பெயர். கற்க என்னும் ஏவலும் அதுவே. பிள்ளையின் காதில் இரண்டாம் பொருளும் விழுமாறு வீட்டில் ஒருவர் சொன்னால் போதும்.