பழைய ஆம்ப்ளிஃபயரும் பச்சை ஒயரும்

(நம் குடியிருப்பின் மாதாந்திரச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் பி பிளாக் நண்பர் ஒருவர், பரணிலிருந்து அவர் அப்பாவின் வால்வ் ஆம்ப்ளிஃபயரை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார். "ப்ளக்கைச் செருகாதீங்க, முதல்ல ஒயரைப் பார்ப்போம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்களிடமும் அப்பா 1960-களில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. பல வருடம் முன்பு அதில் கம்ப்யூட்டரை இணைத்தேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், நடுவில் ஆடியோ கேபிள். மூன்றும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டது. அந்த வளையத்தில் ஓடும் சிறு கரண்ட்தான் இரைச்சலாகக் கேட்டது. நான் என்ன செய்தேன்? ப்ளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றிவிட்டேன். இரைச்சல் போயிற்று. எனக்கு ரொம்பப் பெருமை.

பிறகு கம்ப்யூட்டர் வீட்டை விட்டே போய்விட்டது. கழற்றிய பச்சை ஒயரை மட்டும் நான் திரும்ப மாட்டவில்லை.

ஒரு பண்டிகைக்கு முந்தைய நாள், தரை துடைத்து ஈரமாக இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே என் மனைவி ஈரத் துணியால் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தார். ஒரு அலறல். கை உதறித் துணி பறந்தது. அதே நொடியில் வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகியிருந்தது. அது இல்லையென்றால் இன்று இதை உங்களிடம் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிறகு திறந்து பார்த்தேன். அந்தக் காலத்து ஒயருக்கு மேலே ரப்பர் உறை. அது காய்ந்து, பிஸ்கட் மாதிரி உதிர்ந்து, சிவப்பு ஒயரின் செம்பு இரும்புப் பெட்டியில் உரசிக்கொண்டிருந்தது. மர அலமாரியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பச்சை ஒயர் இருந்திருந்தால், செம்பு பெட்டியைத் தொட்ட அன்றைக்கே கரண்ட் எர்த் வழியாகப் பாய்ந்து சுவிட்ச் விழுந்திருக்கும். நான் அதைக் கழற்றியதால், அந்த வழி என் மனைவியின் கை ஆனது.

"எம்.சி.பி. இருக்கே சார்?" என்று கேட்பீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுவதற்கு, ஆளைக் காப்பாற்றுவதற்கு அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி., 6 ஆம்பியருக்கு மேலே போனால்தான் விழும். மனித உயிருக்கு ஆபத்து வர அதில் நூறில் ஒரு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் அணைத்துவிடும். உங்கள் வீட்டு டி.பி. பெட்டியில் 'T' என்று ஒரு பட்டன் இருந்தால் அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். நம் இதழ் வரும்போதெல்லாம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இரைச்சல் வந்தால் என்ன செய்வது? எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டில் எடுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் ஆடியோ கேபிளின் நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். வளையத்தை ஆடியோ பக்கம் உடைக்கலாம். எர்த் பக்கம் உடைக்கவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் என்றால் இன்னும் இரண்டு விஷயம். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட். நம் 230-இல் செருகினால் புகைதான். பின்பக்க வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். அடுத்தது ஒயர் நிறம். நம் ஊர் வீட்டு ஒயரிங்கில் கறுப்பு நியூட்ரல். அமெரிக்க ஒயரில் கறுப்புதான் ஃபேஸ். பழக்கத்தில் மாட்டினால் ஃப்யூஸும் சுவிட்சும் தப்பான பக்கம் போய்விடும்.

பின்னால் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் செட். அதற்கு எர்த் வேண்டாம், இரண்டு பின்னே சரி. குறி இல்லாத இரும்புப் பெட்டி இரண்டு பின் ப்ளக்கோடு இருந்தால், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து மூன்று கோர் ஒயர் போடச் சொல்லுங்கள். பச்சை ஒயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில், தனி போல்ட்டில் இறுக்க வேண்டும். மற்ற இரண்டைவிட அதைச் சற்று நீளமாக விட வேண்டும்; யாராவது இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்கட்டும். ஃபேஸிலிருந்து பெட்டிக்குப் போகும் பழைய பேப்பர் கெபாசிட்டர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்த இடத்துக்கு 'ஒய்' வகை மட்டுமே போடலாம்.

நீங்களே திறக்காதீர்கள். வால்வ் செட்டின் உள்ளே 300, 400 வோல்ட் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். அந்த ஷாக்கை ஆர்.சி.சி.பி.யும் தடுக்காது.

கடைசியாக, அடுக்குமாடிவாசிகளுக்கு மட்டும் ஒன்று. சாக்கெட்டில் எர்த் வரவில்லை என்றால் சிலர் தண்ணீர் பைப்பில் கட்டுகிறார்கள். உங்கள் வீட்டுக் கோளாறு கீழ்வீட்டுக் குளியலறைக் குழாயில் ஷாக்காகப் போய் நிற்கும். வேறு சிலர் சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால், பெட்டி முழுக்க 230 வோல்ட். இரண்டும் வேண்டாம். எர்த் இல்லை என்று தெரிந்தால் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எர்த் குழியும் மீட்டர் அறையும் நம் எல்லோருக்கும் பொது.

பி பிளாக் நண்பரின் செட்டுக்குப் புது ஒயர் போட்டாயிற்று. போன ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்டோம். லேசாக இரைச்சல் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.