கடற்பலியும் கப்பற் பாவையும்

கடற்பயணத்துக்காகவோ கடலின் சினம் தணியவோ ஒரு கன்னியைப் பலியிடுதல் கிரேக்கப் பழங்கதைகள் சிலவற்றிலே காணப்படுகின்றது. திரோய் நகர் செல்லக் காற்று வாய்க்காமையால், படைத்தலைவன் அகமெம்னன் தன் மகள் இஃபிஜினியாவையே பலிபீடத்துக்கு அழைத்தான். தாய் மொழிந்த செருக்குரைக்காக, இளவரசி அந்திரொமீடா கடல் விலங்கின்முன் பாறையிற் பிணிக்கப்பட்டாள்.

ஓவியர் இக்கதைகளை மறந்தாரல்லர். 1550களில், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காகத் தித்தியன் அந்திரொமீடாவைத் தீட்டினார். ஆடை களைந்த அவள் சங்கிலியில் நிற்க, வீரன் பேர்சியூசு வானிலிருந்து தலைகீழாகப் பாய்கின்றான்.

பெண்ணின் திறந்த மேனி கடற்புயலை அடக்கும் என்னும் நம்பிக்கையை, முதலாம் நூற்றாண்டினரான உரோம அறிஞர் பிளினி குறித்துள்ளார். பிற்காலக் கப்பல்களின் அணியத்தில் மார்பு திறந்த மரப்பாவைகள் பல நின்றன. 1869இல் ஸ்கொத்லாந்திற் கட்டப்பெற்று, இன்று கிறீனிச்சில் நிற்கும் 'கற்றி சார்க்' கப்பலின் பாவை நன்னி என்னும் சூனியக்காரி. கவிஞர் பேர்ண்சின் படைப்பான அவள், குதிரைவாலைக் கையிற் பற்றியிருக்கின்றாள். பலிப்பெண் பிணிப்புண்டவள்; நன்னியோ துரத்துபவள்.

கற்பனை ஓவியனுக்கு இவ்விருவரும் ஊற்றாவர். ஆயினும், மேனியழகை மட்டும் தீட்டுபவன் பாதிக் கதையையே சொல்கின்றான். பொம்பேயிச் சுவரோவியத்திலே, மகளின் பலியைக் காணமாட்டாது தந்தை முகத்தை மூடி நிற்கின்றான். பெயரறியா அவ்வோவியன், பலியிட்டவரின் குற்றத்தையும் மறவாது தீட்டினான்.