கால் வீக்கமும் கவனமும்

35 வயதுக்கு மேல் தலைப்பிள்ளை உண்டாகியிருக்கும் சகோதரிகளே, பயம் வேண்டாம். பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே பிரசவம் ஆகிறது. ஆனால் இந்த வயதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வர வாய்ப்பு கூடுதல்.

நம்ம தூத்துக்குடி உப்பளத்தில் நாளெல்லாம் நின்றால் கால் வீங்கத்தான் செய்யும். அதோடு முகமும் வீங்கி, தலை வலித்து, கண் மங்கினால்? அசதி என்று படுத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சர்க்கரையோ சத்தமில்லாமல் வரும். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். காத்திருக்கச் சலிக்காதீர்கள். 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை கட்டாயம் என்றது தமிழ்நாடு அரசு.

ரத்த அழுத்தம், சர்க்கரை. இரண்டையும் பார்க்க, நாள் தள்ளியதுமே செவிலியரிடம் பதிந்துவிடுங்கள்.