தோல் மாத்திரையும் தாய்மையும்

(தலத்தெரு குழுக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம் உண்டு. "உனக்குக் கேட்ட மாத்திரைதானே, எனக்கும் ரெண்டு கொடு"ன்னு வாங்கிப் போட்டுக்கிறது. எல்லா மாத்திரைக்கும் இது ஆகாது.

கடுமையான முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படைக்கு அசிட்ரெட்டின் என்று தோல் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். இவை வைட்டமின் ஏ சத்தைப் போலச் செயற்கையாகத் தயாரித்தவை. நல்ல மருந்துதான். ஆனால் கர்ப்பிணி சாப்பிட்டால் சிசுவின் முகம், இதயம், மூளை பாதிக்கப்படலாம்.

ஐசோட்ரெட்டினாயினை நிறுத்தி 1 மாதம், அசிட்ரெட்டினை நிறுத்தி 3 வருடம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதுவரை ரத்ததானமும் வேண்டாம். அதனால கல்யாணம் பேசியிருக்கிற பொண்ணு, குழந்தைக்குக் காத்திருக்கிற மருமக யாரா இருந்தாலும் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். வெட்கப்படாதீங்க.

மாத்திரை சாப்பிடும்போது உதடு காய்வது சகஜம். ஈரலுக்கும் கொழுப்புக்கும் டாக்டர் சொல்ற ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீங்க. நாள் தள்ளிப்போனா மாத்திரையை நிறுத்திட்டு, மறைக்காம உடனே டாக்டரைப் பாருங்க.

மீதி மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீங்க. இதை உங்க குழுவிலயும் சொல்லுங்க.